குத்துச்சண்டை: பெட்டிக்குப் பெட்டி வேறு

"அடிபட்டுக்கொண்டு வரவா? விடியோ கேம் வாங்கித் தருகிறேன், அதில் குத்திக்கொள்" என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்தும் பெற்றோர் நம் சங்கத்திலும் உண்டு. பக்கத்து நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன் 2022-லும் 2023-லும் உலக சாம்பியன் ஆன பிறகு, மௌலா அலியில் பெண் குழந்தைகளும் குத்துச்சண்டை கற்கக் கேட்கிறார்கள். கேம் அதற்கு ஈடாகுமா? வடசென்னைப் பரம்பரைகளின் சண்டைகளைப் பார்த்து வியாசர்பாடியில் வளர்ந்து, ரயில்வே வேலைக்காக இங்கு வந்தவன் நான். அந்தக் கண்ணோடுதான் இவற்றை ஆடிப் பார்த்தேன்.

சண்டை ஒன்றுதான் என்றாலும் பெட்டியின் திறனும் கையில் பிடிக்கும் கருவியும் மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது. 1980-இல் அடாரி 2600 பெட்டிக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் 'பாக்ஸிங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அந்தப் பெட்டியின் நினைவகம் வெறும் 128 பைட். 128 ஆங்கில எழுத்துகளுக்குத்தான் இடம். ஆகவே கூரையிலிருந்து எட்டிப் பார்ப்பது போன்ற காட்சி. இரண்டு நண்டுகள் மோதுவது போலிருக்கும். ஜாய்ஸ்டிக்கில் ஒரே பொத்தான். எட்டிக் குத்தினால் ஒரு புள்ளி, நெருங்கிக் குத்தினால் இரண்டு, நூறு எடுத்தால் நாக்-அவுட். சிரிப்பாகத் தோன்றினாலும் தூரம் அளக்கும் பாடம் அதில் இருக்கிறது.

நின்டெண்டோவுக்கு 1987-இல் வந்த 'மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்'தான் என் மதிப்பில் இன்றும் முதலிடம். லிட்டில் மேக் என்ற பொடியன் மலை போன்றவர்களுடன் மோத வேண்டும். பொத்தானைச் சும்மா அமுக்கிக்கொண்டிருந்தால் தோல்விதான். ஒவ்வொரு எதிராளியும் குத்துமுன் ஒரு சைகை காட்டுவான். அதைக் கண்டு விலகி, கிடைத்த இடைவெளியில் அடிக்க வேண்டும். பம்பாயிலிருந்து வரும் 'கிரேட் டைகர்' என்பவரின் தலைப்பாகைக் கல் மின்னினால் குத்து வருகிறது என்று பொருள். (இந்தியன் என்றாலே தலைப்பாகையும் மாயவித்தையும்தானா என்று எனக்கு எரிச்சல் வந்தது வேறு விஷயம்.) கையைப் பார்க்காதே, தோளைப் பார் என்று எங்கள் பக்கத்து வாத்தியார்கள் சொன்னதும் இதே பாடம்தான்.

சேகா மெகா டிரைவுக்கு 1992-இல் ஹோலிஃபீல்டின் பெயரில் வந்த ஆட்டத்தில் சண்டைகளுக்கு நடுவே நம் வீரனுக்குப் பயிற்சியும் கொடுக்கலாம். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கு 2004-இல் வந்த 'ஃபைட் நைட்' பொத்தானுக்குப் பதில் கன்ட்ரோலரில் உள்ள சிறு குச்சியைச் சுழற்றிக் குத்தச் சொன்னது. ஹூக்குக்கு ஒரு சுழற்று, அப்பர்கட்டுக்கு வேறு. 2006-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் பலம் காட்டும் கோடுகளையே எடுத்துவிட்டார்கள். வீரன் களைத்திருக்கிறானா என்பதை அவன் நிற்கும் விதத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கும் அப்படித்தானே! 2024-இல் முழுமையாக வெளிவந்த 'அன்டிஸ்ப்யூட்டட்' ஆட்டத்தில் அயர்லாந்தின் கேட்டி டெய்லர் போன்ற வீராங்கனைகளும் இருக்கிறார்கள்.

உடம்பு வேர்ப்பது 2006-இல் வந்த 'வீ ஸ்போர்ட்ஸ்' ஆட்டத்தில்தான். இரு கைகளிலும் கருவியைப் பிடித்து நிஜமாகவே குத்த வேண்டும். என் பதினொரு வயதுப் பேத்தி பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கினாள். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள்! குத்துச்சண்டையில் பாதி கால் வேலை. அதை இந்த ஆட்டம் கேட்கவே இல்லை. 2018-இல் வந்த 'க்ரீட்' ஆட்டத்தில் கண்ணை மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். அதில் களைத்தால் குத்தும் வலுவிழக்கும். அங்கும் மூக்கில் அடி விழாது. அடி பட்டும் கண்ணை மூடாமல் நிற்பது வாத்தியார் முன்னால் பழகித்தான் வரும். பயிற்சிக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர் கேமை அதற்குப் பதிலாக வாங்க வேண்டாம். கூடவே வாங்கினால் கண்ணுக்கு நல்லது.

வாங்குவோர் ஒன்று பார்க்க வேண்டும். நின்டெண்டோ கேசட் சேகாவில் நுழையாது; பிளேஸ்டேஷன் தட்டு எக்ஸ்பாக்ஸில் ஓடாது. வீ பெட்டி இப்போது புதிதாக வருவதில்லை, பழையதுதான் தேட வேண்டும். கை வீசும் ஆட்டமாக இருந்தால் நம் குவார்ட்டர்ஸ் கூடத்தில் பக்கத்தில் நிற்கும் தம்பியை முதலில் நகர்த்திவிடுங்கள்.