புகையை அளக்கும் கருவி

பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்தால், கரூர்ப் பக்கம் புகளூர்க் காகித ஆலை. மேற்கே ஆற்றோடு ஏறிச் சென்றால் மேட்டூர் அனல்மின் நிலையம். காகிதம், சர்க்கரை, அனல்மின்சாரம் முதலிய 17 வகைத் தொழில்களின் கழிவுகளை இடைவிடாது அளந்து, எண்களை உடனுக்குடன் அனுப்ப வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் ஆணையிட்டது. புகையைப் பொறுத்தவரை, அந்த எண்ணின் உண்மை ஒரு சிறிய ஊசி வால்வைப் பொறுத்தது என்றறிந்தபோது வியந்தேன்.

புகையை உறிஞ்சி, தூசியை வடிகட்டி, குளிரவைத்து ஈரம் நீக்கிக் கருவியின் அறைக்குள் செலுத்துவார்கள். அதனூடே அகச்சிவப்புக் கதிர் பாயும். கந்தக டை ஆக்ஸைடு தனக்குரிய அலைநீளத்தை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்பதிலிருந்து அளவு தெரியும். ஆனால் கருவி உணர்வது விகிதத்தையன்று. அறையிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை. அழுத்தம் ஏறினால் அவை நெருங்கும். கலவை மாறாமலே எண் ஏறிவிடும். எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்த பாயில் விதிதான்!

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. கடற்கரையில் ஆக்ஸிஜன் 20.9 விழுக்காடு என்று சரிசெய்த காந்தவகைக் கருவி, அழுத்தத் திருத்தம் இல்லாவிட்டால், ஏற்காட்டில் 17.5 அளவே காட்டும். அங்கும் ஆக்ஸிஜன் 20.9 விழுக்காடுதான்.

ஆகவே அறையின் வெளிவாயைத் தடையின்றித் திறந்தவெளிக்கு விடுகிறார்கள். பாய்வு பெரும்பாலும் நிமிடத்திற்கு அரை முதல் ஒரு லிட்டர். மிகக் குறைத்தால் தாமதம்: 4 மி.மீ. உள்விட்டமுள்ள 30 மீட்டர்க் குழாய் சுமார் 380 மி.லி. கொள்ளும். ஒரு லிட்டர்ப் பாய்வில் 23 வினாடியில் வந்துசேரும் புகை, கால் லிட்டரில் ஒன்றரை நிமிடம் எடுக்கும். மிகக் கூட்டினாலோ வெளிக்குழாயில் நெரிசல். அறையின் அழுத்தம் உயரும்.

இந்தப் பிழை அளவுத்திருத்தத்தின்போது நேர்ந்தால்தான் ஆபத்து. உருளையிலுள்ள, அளவு தெரிந்த வாயுவை அவசரமாகத் திறந்து, அறையின் அழுத்தம் 5 விழுக்காடு கூடியிருக்கும்போது எண்ணைச் சரிசெய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பின்னர் இயல்பான அழுத்தத்தில் வரும் புகையில் கன மீட்டருக்கு 630 மில்லிகிராம் இருந்தால், கருவி ஏறத்தாழ 600 என்றே சொல்லும். எல்லை 600 என்றால் ஆலை தப்பிவிடும். பொய் சொன்னவர் ஒருவருமில்லை. சுவாசிப்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

எனவே உருளை வாயு வரும்போதும் புகை வரும்போதும் ரோட்டாமீட்டரின் குண்டு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். வெளிவாயையும் எட்டிப் பார்ப்பது நல்லது. திருத்தம் முடிந்தபின் அங்கே குளவி கூடு கட்டினால், கருவி இல்லாத மாசைக் காட்டத் தொடங்கும்.