உங்களுக்குத் தெரியுமா? மின்சாரமின்றி உலரும் கசடு

கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்ததை அச்சுரங்கப் பகுதியிலுள்ள ராபர்ட்சன்பேட்டைவாசிகள் பெருமிதத்துடன் நினைவுகூர்வர். ஆயினும், சிறிய கழிவுநீர் நிலையங்களில் சேரும் கசட்டை உலர்த்த மின்சாரமே அவசியமில்லை என்பதை அறிந்தோர் சிலரே.

அடியில் வடிகுழாய் பதித்து, சரளைக் கற்களைப் பரப்பி, அவற்றின்மீது மணலை நிரவிய ஆழமற்ற தொட்டியில், நன்கு செரித்த கசட்டை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்சினால், அதிலுள்ள நீரில் ஒரு பகுதி மணலூடே வடிந்தும், மற்றொரு பகுதி சூரிய வெப்பத்தால் ஆவியாகியும் நீங்க, நல்ல வெயில் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில், கோடையில் வற்றிய ஏரியின் வண்டலைப் போல அது பாளம் பாளமாக வெடித்து, மண்வெட்டியால் வாரத்தக்க பதத்தை அடைகிறது.

இதே கர்நாடக மாநிலத்துத் தேவனஹள்ளியில், வீட்டு மலத்தொட்டிகளிலிருந்து லாரிகளில் வரும் கசட்டுக்கென்றே 2015-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிலையத்தில், கசடு புவியீர்ப்பு விசையாலேயே தொட்டிக்குத் தொட்டி இறங்கி, இத்தகைய மணற்படுக்கைகளில் உலர்ந்து, நகரக் குப்பையுடன் மக்கி உரமாகிறது.

மழைக்காலத்தில் படுக்கைகளுக்கு மேற்கூரை இன்றியமையாதது; உலர்ந்த கசட்டிலும் குடற்புழுக்களின் முட்டைகள் எஞ்சியிருக்கக்கூடுமாதலால், முற்றிலும் மக்காத கசட்டைக் கீரைப் பாத்திக்கு இடுதல் ஒருபோதும் தகாது.