ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும் மருத்துவர்

எங்கள் காலனியிலிருந்து முதன்முதலாக எம்.டி. படிக்கப் போன பெண், ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு எங்களை அழைத்தார். "அண்ணா, ஆய்வேட்டுக்கு நோயாளிகளோட ஒப்புதல் படிவம் தமிழ்ல எழுதியிருக்கேன். பிழை பார்த்துத் தர்றீங்களா?" வார்டு வேலை முடிந்து அப்போதுதான் விடுதிக்குத் திரும்பியிருந்தார்.

மருத்துவ மேற்படிப்பு என்றால் நோயாளியைப் பார்ப்பதும் தேர்வு எழுதுவதும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் மூன்றாண்டுப் படிப்புக்குள் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளிகளின் சம்மதத்தோடு விவரம் திரட்ட வேண்டும். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைக்க வேண்டும். ஆய்வேடு ஏற்கப்படாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

இதற்கு நேரம் எங்கே? உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசின் 1992ஆம் ஆண்டுத் திட்டம் சொன்னது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைக்கும் நிலை வந்தது. தூங்க வேண்டிய நேரத்தில்தான் ஆய்வு நடக்கிறது.

இந்தச் சுமை எல்லோருக்கும் உண்டு. ஆனால், வீட்டில் நாலு மருத்துவர் இருப்பவருக்கு எந்தத் தலைப்பு சீக்கிரம் முடியும், புள்ளியியல் கணக்கை யாரிடம் கேட்கலாம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவரே கதி. அவர் முகம் திருப்பினால் கையெழுத்தும் நின்றுவிடும். தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, ஆசிரியர்களின் ஆதரவு போதவில்லை, மதிப்பீட்டில் பாகுபாடு இருக்கிறது என்று மாணவர்கள் சொன்னதை 2007இல் பதிவு செய்தது. எங்கள் மாணவியும் மூன்று முறை தலைப்பை மாற்றினார். காரணம் கேட்டபோது பதில் கிடைக்கவில்லை.

அதனால் ஆய்வேடே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தப் படிவத்தை அவர் தன் தாய்க்கு வாசித்துக் காட்டினார். தாய் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வேணாம்னு சொன்னா வைத்தியம் பாக்க மாட்டாங்களா?" மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்ற வரி படிவத்தில் இருந்தது, ஆனால் கடைசியில், யாருக்கும் புரியாத தமிழில். அதை எளிதாக்கி முதல் வரியாக வைத்தோம். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆய்வுக்குள் வருவதால் கிடைக்கும் பலன் இதுதான்.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. பணி நேரத்திலேயே வாரம் அரை நாள் ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும். புள்ளியியல் உதவி கல்லூரியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். வரைவைத் திருத்தித் தர வழிகாட்டிக்கும் கெடு வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்: வரைவு கொடுத்த தேதியையெல்லாம் குறித்து வையுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காரணமின்றி இழுத்தடித்தால், பட்டியல் சாதி, பழங்குடியினர் குறைதீர் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தனியாக அழுதுகொண்டிருக்காதீர்கள். இரவு பதினோரு மணியானாலும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள்.