வீடு இல்லாத தளம்

சிங்கப்பூர் அடுக்குமாடிகள் பலவற்றின் கீழ்த்தளத்தில் வீடுகளே கிடையாது. இது வேண்டுமென்றே விட்ட இடம்.

1960இல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கம்பம் எனப்படும் கிராமங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்தவர்களை மாடிவீடுகளில் குடியமர்த்தியது. 1961இல் புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் பற்றிய தீயில் மட்டும் சுமார் 16,000 பேர் வீடிழந்திருந்தார்கள். கம்பத்தில் வாசல் இருந்தது, அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள். பத்தாவது மாடியில் ஏது வாசல்?

1970களில் புளோக்குகளின் கீழ்த்தளத்தைத் தூண்களோடு திறந்தே விடுவது வழக்கமாயிற்று. காற்று ஊடே போகும், மழைக்கு ஒதுங்கலாம். மலாய்க்காரர் கல்யாண விருந்தும் சீனர் வீட்டுத் துக்கமும் நடப்பது இங்கேதான். இடநெருக்கடி மிகுந்த தீவில் ஒரு தளத்தையே பொதுவுக்கு ஒதுக்கியது துணிச்சலான முடிவு.

இத்தளத்தில் உள்ள கல்மேசையில் பதித்த சதுரங்கக் கட்டங்களைப் பாருங்கள். உட்கார்ந்து ஆடலாம்.