கத்தியைத் தீட்டுவது போலத்தான் மறு ஊசியும்



பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர், பாதத்தில் முள் ஏறி நாலு நாள் கழித்து நொண்டிக்கொண்டே மருந்தகத்துக்கு வந்தார். முள்ளை எடுத்து, காயத்தைக் கழுவிவிட்டு, "கடைசியா எப்பத் தம்பி ரண ஜன்னி ஊசி போட்டீங்க?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல போட்டாங்கய்யா" என்றார். அவருக்கு வயது 38.

"அப்படின்னா இன்னைக்கே கிளினிக்குக்குப் போய் ஒண்ணு போட்டுக்கணும்" என்று சீட்டு எழுதினேன். மாத்திரைக்குக் காத்திருந்த பெரியம்மா ஒருவர் சும்மா இருக்கவில்லை. "கொரோனாவுக்கும் இப்படித்தான், ரெண்டு போடு, மூணு போடுன்னீங்க. முத ஊசி நல்ல ஊசியா இருந்தா மறுபடி எதுக்குய்யா?" என்றார்.

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. நம் தோட்டங்களில் பாதிப் பேர் மனதில் இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2021 பிப்ரவரியில் நம் நாட்டில் கோவிட் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. குடிமக்களுக்கும், நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இலவசமாகவே போட்டார்கள். முதலில் தயங்கியவர்களும் பின்னர் வரிசையில் நின்றார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். கைப்பேசியில் மைசெஜாத்ராவில் ஊசிச் சான்றிதழ் காட்டாவிட்டால் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியாது. வெளியூர்ப் பயணமும் முடியாது.

அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாவது ஊசி, அதாவது பூஸ்டர், தொடங்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரே நாளில் 33,000 பேருக்கு மேல் தொற்று கண்டது. ரெண்டு ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். "போட்டும் வந்துச்சே" என்ற பேச்சு அப்போதுதான் பலமாகக் கிளம்பியது. அந்த மே மாதம் முதல் தேதியிலிருந்து கடைகளில் பதிவு செய்யும் கட்டாயமும் நின்றது. ஊசி வரிசையும் கரைந்தது. முதல் பூஸ்டரை நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது பூஸ்டருக்கு வந்தவர்கள் மிகச் சொற்பம்.

ஆக, நாம் பயந்து ஓடிப் போய்ப் போட்டோம். பயம் போனதும் விட்டுவிட்டோம். விளங்கிப் போட்டவர்கள் குறைவு. இதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. "வாங்க, போடுங்க" என்று அவசரப்படுத்தினோமே தவிர, ஏன் என்று உட்கார்ந்து பேசவில்லை.

இப்போது பேசுவோம். ஊசி மருந்து நம் உடம்புக்கு ஒரு கிருமியை அடையாளம் காட்டி வைக்கிறது. உண்மைக் கிருமி வரும்போது உடம்பு அதை ஞாபகம் வைத்து எதிர்த்துப் போராடுகிறது. சில நோய்களுக்கு அந்த ஞாபகம் நீண்ட காலம் நிற்கும். சிலவற்றுக்கு நாளாக ஆக மங்கும். கோவிட் கிருமியோ ஆளும் வேஷமும் மாற்றிக்கொண்டே வந்தது. அதனால் ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. ஆனாலும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடப்பதும், உயிர் போவதும் ஊசி போட்டவர்களிடம் வெகுவாகக் குறைந்தது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தியைத் திரும்பத் திரும்பத் தீட்டித்தானே மரத்தில் வைப்பீர்கள்? தீட்ட வேண்டியிருக்கிறது என்பதால் அது மட்டமான கத்தி ஆகிவிடுமா? மறு ஊசியும் தீட்டுகிற வேலைதான்.

இது புதுப் பழக்கமும் அல்ல. நம் பாட்டிமார் கையில் வட்டத் தழும்பு பார்த்திருப்பீர்கள். அது அம்மை குத்திய தழும்பு. அந்தக் காலத்தில் அதையும் சில ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி குத்துவார்கள். மாரியம்மனுக்கு வேப்பிலையும் கட்டினார்கள், கையையும் நீட்டினார்கள். 1980-இல் பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி அந்தத் தம்பியின் முள்ளுக்கு வருகிறேன். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து என்று நினைக்கிறோம். துரு அல்ல, மண்தான் காரணம். செம்பனை முள்ளும் மண்வெட்டியும் போதும். ஆழக் குத்திய சிறு காயத்துக்குள் காற்றுப் புகாத இடத்தில் அது விஷம் கக்கும். பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் தாடை இறுகும்; பிறகு உடம்பே வில்லாக வளையும். பிழைத்தாலும், ஒரு முறை வந்துவிட்டதே என்று உடம்பில் காப்பு உண்டாகாது. ஊசி ஒன்றுதான் காப்பு.

பிள்ளைகளுக்கு 2, 3, 5 மாதங்களில் ஊசி. 18 மாதத்தில் பூஸ்டர். முதலாம் வகுப்பில் ஒன்று, 15 வயதில் ரண ஜன்னிக்கு ஒன்று. அதுவரை கிளினிக்கும் பள்ளிக்கூடமும் கூப்பிட்டுப் போடும். அதற்குப் பிறகு நம்மை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்து ஆண்டுக்கு ஒரு முறை நாமேதான் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். முள்ளும் கத்தியுமாகப் பிழைக்கும் நமக்கு இது முக்கியம்.

அந்த 18 மாத ஊசியைத் தாய்மார்கள் மறந்துவிடாதீர்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். 2000-இல் இளம்பிள்ளைவாதம் இல்லாத நாடு என்று பெயர் வாங்கினோம். 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்கு அது வந்தது. 1992-க்குப் பிறகு அதுதான் முதல். சுற்றியிருப்பவர்கள் ஊசியை விட்டால், பால்குடிப் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும், ஒரு நாள் சம்பளம் போகும்" என்பார்கள். கை வலியும் ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலும் வரலாம், மறைக்கவில்லை. கடுமையான ஒவ்வாமை அபூர்வம். அதற்காகத்தான் போட்டதும் சற்று உட்கார வைக்கிறார்கள். சம்பளத்துக்கும் வழி உண்டு. வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்கு 14 நாள், ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டி எம்.சி. வாங்குங்கள். அதைப் பார்த்தும் சம்பளம் பிடித்தால் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

கோவிட் ஊசி இனி யாருக்குத் தேவை என்பது வயதையும் நோயையும் பொறுத்தது. 60 வயது தாண்டியவர்கள், இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தத் தம்பி ஊசி போட்டுக்கொண்டார். புண் ஆறி வேலைக்கும் போகிறார். பெரியம்மா முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போகும்போது, "என் பேரனுக்கு ஒண்ணரை வயசாச்சுய்யா, அந்த அட்டையைக் கொண்டாந்து காட்டவா?" என்று கேட்டார்.

நீங்களும் இன்று இரவு பிள்ளைகளின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கடைசியாக எப்போது போட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நினைவு வரவில்லை என்றால், முள் குத்தும்வரை காத்திருக்காதீர்கள்.