நடைப்பயணப் பொதி

நடைப்பயணப் பொதி என்பது பல நாட்கள் கால்நடையாகப் பயணம் செய்வோர் தம்முடன் சுமந்து செல்லும் நீர், உணவு, உடை, படுக்கை, மருந்து முதலிய பொருட்களின் தொகுப்பு ஆகும். வண்டியில் செல்பவர் ஒரு பையைக் கூடுதலாக எடுத்துக்கொள்வதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. நடந்து செல்பவருக்கோ ஒவ்வொரு பொருளும் நாள் முழுவதும் தோளிலும் முழங்காலிலும் இறங்கும் சுமையாகும். அதே வேளையில், இன்றியமையாத ஒரு பொருள் விடுபட்டால் அதைக் காட்டிலோ மலையிலோ வாங்க இயலாது. எனவே பொதியில் எது இருக்க வேண்டும் என்பதை, வழியில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதே முடிவு செய்கிறது. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றிலிருந்து மக்கள் மேற்கொள்ளும் பயணங்கள் இதனை நன்கு விளக்குகின்றன.

வரலாறு

சுமையைச் சமமாகப் பிரித்துக் கட்டுதல் தமிழரிடையே பழமையான வழக்கம். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் கட்டிக் காவில் சமமாகச் சுமந்து மலைவழி செல்வதைத் தன் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறது. அந்நூல் வழியில் உள்ள இடர்களையும் எடுத்துரைக்கிறது. சபரிமலை செல்வோரின் இருமுடியும் இவ்வகைப்பட்டதே. அதன் முன்முடியில் நெய் நிரப்பிய தேங்காயும் வழிபாட்டுப் பொருட்களும், பின்முடியில் பயணிக்குத் தேவையான உணவுப் பொருட்களும் வைக்கப்படும். இரு முடிகளும் தலையின் முன்னும் பின்னும் அமைவதால் எடை சமநிலை பெறுகிறது.

தற்கால முதுகுப்பை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. 1950களில் அமெரிக்காவைச் சேர்ந்த டிக் கெல்டி அலுமினியச் சட்டகம் கொண்ட பைகளைத் தயாரித்து விற்றார். 1960களின் இறுதியில் கிரெக் லோவ் சட்டகத்தைப் பையின் உள்ளேயே அமைத்தார். இடுப்புப் பட்டையின் துணையால் சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்பு எலும்புக்கு மாற்றப்பட்டது இவ்வகைப் பைகளின் முதன்மையான பயனாகும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த மலையேறுவோர் சங்கம் 1930களில் பத்து இன்றியமையாப் பொருட்களின் பட்டியலை உருவாக்கியது. வழிகாட்டும் கருவி, விளக்கு, வெயில் காப்பு, முதலுதவி, கத்தி, தீ மூட்டும் பொருள், ஒதுங்கும் மறைப்பு, மிகை உணவு, மிகை நீர், மிகை உடை என்பன அதன் இன்றைய வடிவம். இது குளிர்நாட்டு மலைகளை மனத்தில் கொண்டு எழுந்தது. தமிழ்நாட்டில் இப்பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது நீரே.

மூன்று வகைப் பயணங்கள்

ஒரே ஊரிலிருந்து புறப்படுபவர் செல்லும் வழிக்கேற்ப மூன்று வேறுபட்ட பொதிகளைக் கட்ட வேண்டியிருக்கும்.

1. சாலைவழிப் பாதயாத்திரை: பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், திருத்தணி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை திருப்பதிப் பயணிகள் பயன்படுத்தும் பாதைகளுள் ஒன்று. சென்னையிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 135 கிலோமீட்டர். புரட்டாசி மாதத்தில் திருமலைக்குச் செல்லும் திருக்குடை ஊர்வலமும் அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கிறது. வழி நெடுக ஊர்களும் கடைகளும் இருப்பதால் கூடாரமோ பல நாள் உணவோ தேவையில்லை. ஒரு மாற்றுடை, போர்வை, நீர்க்குப்பி, மருந்து, விளக்கு ஆகியவை போதும். இங்கு முதன்மையான இடர் வாகனங்களே.

2. இடைநிலைப் பயணம்: எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பையை அடையும் சபரிமலைப் பெரிய பாதை காட்டு வழியாயினும், யாத்திரைக் காலத்தில் கடைகளும் தங்குமிடங்களும் அமைக்கப்படுகின்றன. பொதி சிறிதாக இருக்கலாம். ஆனால் மழைக்கும் ஏற்றத்திற்கும் ஆயத்தம் வேண்டும்.

3. காட்டு மலையேற்றம்: மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதைகளில் கடை இல்லை, பல இடங்களில் தொலைபேசி இணைப்பும் இல்லை. தொலைவு குறைவாக இருந்தாலும் நிலை இதுவே. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அப்பால் முட்புதர்க் காட்டில் அமைந்துள்ள குடியம் குகைகளுக்கு ஆவடியிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம். ஆயினும் கற்கள் நிறைந்த அப்பாதையில் தேவையான நீர் முழுவதையும் சுமந்தே செல்ல வேண்டும்.

எடை

பல நாள் பயணத்தில் பொதியின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருத்தல் நலம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழிமுறை. ஒரு நாள் பயணத்திற்குப் பத்தில் ஒரு பங்கு போதும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மூன்று நாள் மலைப் பயணத்திற்குச் சுமக்கக்கூடிய பொதி ஏறத்தாழ 12 கிலோகிராம் ஆகும். அதனைப் பின்வருமாறு பங்கிடலாம்.

- வெற்றுப் பை: 1.5 கிலோகிராம்
- இருவர் கூடாரத்தில் ஒருவர் பங்கு: 1.3 கிலோகிராம்
- உறக்கப்பை: 1.2 கிலோகிராம்
- தரை விரிப்பு: 0.4 கிலோகிராம்
- மாற்றுடைகள்: 1.5 கிலோகிராம்
- மழைக்காப்பு: 0.4 கிலோகிராம்
- மூன்று நாள் உலர் உணவு: 1.8 கிலோகிராம்
- நீர் 3 லிட்டர்: 3.0 கிலோகிராம்
- மருந்து: 0.3 கிலோகிராம்
- விளக்கு, கத்தி, கயிறு முதலியன: 0.5 கிலோகிராம்

மொத்தம் 11.9 கிலோகிராம். இதில் நான்கில் ஒரு பங்கு நீர் மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. எடையைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் நீரைக் குறைக்கின்றனர். குறைக்க வேண்டியவை மூன்றாவது சட்டை, கனமான துண்டு, பெரிய சோப்பு, கண்ணாடிக் குப்பி போன்றவையே. வீட்டில் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பது சிறந்த வழி.

பொருட்களைத் தேர்ந்தெடுத்தல்

பை

இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு 40 லிட்டரும், அதற்கு மேல் 50 முதல் 65 லிட்டரும் கொள்ளும் பை போதும். பயணியின் உயரத்தைவிட அவருடைய முதுகின் நீளத்திற்குப் பை பொருந்துவதே முதன்மை. இடுப்புப் பட்டை இடுப்பு எலும்பின் மேல் அமர வேண்டும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பும் எண்ணமும் உடன் வரும் என்பதால், பொருட்களைச் சேர்த்த பின்னரே பையை வாங்குவது நல்லது.

காலணி

புதிய காலணியுடன் நெடும்பயணம் தொடங்குதல் கூடாது. குறைந்தது இரண்டு வாரங்கள் அன்றாடம் அணிந்து நடந்து பழக்கிய காலணியே ஏற்றது. கொப்புளம் உண்டாவதற்கு உராய்வும் ஈரமும் காரணம். எனவே இரண்டு அல்லது மூன்று இணைக் காலுறைகள் வேண்டும். வெறுங்காலுடன் செல்லும் நேர்த்தியுடையோர் பகல் வெயிலில் தார்ச்சாலையைத் தவிர்த்து, அதிகாலையிலும் மாலையிலும் நடப்பர்.

உடை

கோடையில் சமவெளியில் நடப்போருக்குத் தளர்வான பருத்தி உடை ஏற்றது. ஆனால் நனைந்த பருத்தி எளிதில் உலராது. மலைக் குளிரில் உடல் வெப்பத்தைக் குறைத்துவிடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைகிறது. அதாவது, 2,000 மீட்டர் உயரமுள்ள மலையில் சென்னையைவிட 13 பாகை குறைவாக இருக்கக்கூடும். அங்குக் கம்பளி உடை ஒன்று கட்டாயம் தேவை. விரைவில் உலரும் நைலான், பாலியெஸ்டர் உடைகள் மழைக்கு ஏற்றவை என்றாலும், அவை தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. உலர்ந்த புல்வெளிகளில் செல்லும்போது இதை மறத்தலாகாது.

1961-இல் தொடங்கப்பட்ட ஆவடியின் படைத்துறை உடைத் தொழிற்சாலை படைவீரர்களுக்கான சீருடைகளைத் தைத்து வருகிறது. போர்வீரருக்கு இடத்திற்கேற்ற உடை வழங்கப்படுவது போலவே, பயணியின் உடையும் செல்லும் இடத்தைப் பொறுத்து மாற வேண்டும்.

நீர்

வெயிலில் சுமையுடன் நடப்பவருக்கு மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் நீர் தேவைப்படலாம். வழியில் நீர்நிலை இருப்பது உறுதியானால் குறைவாகச் சுமக்கலாம். ஐயமிருந்தால் முழுவதும் சுமக்க வேண்டும். ஓடைநீரைக் கொதிக்க வைத்தோ, குளோரின் மாத்திரை இட்டு அரைமணி நேரம் வைத்திருந்தோ அருந்த வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், வாய்வழி நீரேற்றுக் கரைசலுக்கான பொட்டலங்கள் சிலவற்றை வைத்திருத்தல் நலம். அவை இல்லையெனில் ஒரு லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பருகலாம்.

உணவு

தமிழ்நாட்டுக் காடுகளில் தீ மூட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளதால் சமைக்கத் தேவையற்ற உணவே ஏற்றது. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி அல்லது புளிச்சோறு எடுத்துச் செல்லலாம். அடுத்த நாட்களுக்கு அவல், சத்துமாவு, வறுத்த கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் ஆகியவை குறைந்த எடையில் மிகுந்த ஆற்றல் தருவன. திட்டமிட்டதைவிட ஒரு நாளுக்கான உணவு கூடுதலாக இருக்க வேண்டும்.

மருந்தும் பிறவும்

வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், காயத்திற்கான கட்டுத்துணி, கிருமிநாசினி, காய்ச்சல் மாத்திரை ஆகியவை அடிப்படை. மழைக்காலத்தில் அட்டைகளை விலக்க உப்பு பயன்படும். பாம்புக்கடிக்குக் காயத்தைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ தீங்கு விளைவிக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைவதே சரியான முறை. தலைவிளக்கு, மாற்று மின்கலம், ஊதல், அடையாள அட்டை, தாளில் எழுதிய தொலைபேசி எண்கள் ஆகியவையும் தேவை. இரவில் நெடுஞ்சாலையில் நடப்போர் பையின் பின்புறம் ஒளியைத் திருப்பும் பட்டையை ஒட்ட வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடப்போருக்குக் காவல்துறையினர் இத்தகைய பட்டைகளை வழங்குவதுண்டு.

பொதி கட்டும் முறை

- அடிப்பகுதியில் இரவில் மட்டும் தேவைப்படும் உறக்கப்பை, மாற்றுடை ஆகியவற்றை வைக்க வேண்டும்.
- நடுப்பகுதியில் முதுகை ஒட்டிக் கனமான உணவும் நீரும் அமைய வேண்டும். இவை முதுகிலிருந்து விலகினால் பை பின்னோக்கி இழுக்கும்.
- அவற்றைச் சுற்றி எடை குறைந்த பொருட்களை நிரப்ப வேண்டும்.
- மேற்பகுதியில் மழைக்காப்பு, மருந்து, விளக்கு ஆகியவை இருக்க வேண்டும். இருட்டில் தடவினாலும் கைக்குக் கிடைக்க வேண்டியவை இவை.
- இடப்பக்கமும் வலப்பக்கமும் எடை சமமாக இருத்தல் வேண்டும்.

உடையையும் உறக்கப்பையையும் நீர் புகாத உறையில் இட்ட பின்னரே பையில் வைக்க வேண்டும். முழுப் பொதியுடன் ஊரிலேயே ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து பார்த்தால் குறைகள் தெரியவரும்.

பாதுகாப்பும் விதிமுறைகளும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைப் பகுதியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்குச் சென்றோர் சிக்கினர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்றிருந்த அவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதனைத் தொடர்ந்து அவ்வாண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைக் கொண்ட மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. முன்பதிவு செய்து பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுவதுண்டு.

எவ்வளவு சிறந்த பொதியாயினும் காட்டுத்தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து காக்காது. பருவம் அறிந்து செல்வதும், செல்லும் பாதையையும் திரும்பும் நாளையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுப்பதும் பொதியில் எடை சேர்க்காத பாதுகாப்புகள் ஆகும். கத்திரி வெயில் நாட்களில் நடப்பவர் குழப்பமாகப் பேசினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கின் அறிகுறியாக இருக்கலாம். அவரை உடனே நிழலில் கிடத்தி, நீரால் நனைத்துக் குளிர்வித்து, 108 மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். எஞ்சியுள்ள நீரின் பயன் குடிப்பதற்கு மட்டும் அன்று என்பது அப்போது விளங்கும்.

சுற்றுச்சூழல்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. உணவைத் துணிப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் எடுத்துச் செல்லலாம். சுமந்து சென்ற பொருட்களின் உறைகளும் கழிவுகளும் பயணியுடனேயே திரும்ப வேண்டும். அதற்கென ஒரு வெற்றுப் பை பொதியில் இடம்பெறுதல் நன்று.