நெட் வரலையா? போனைத் திட்டாதீங்க பாஸ்!

ராத்திரி மணி 11.15. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். 12 அடிச்சா கதவைச் சாத்திடுவாங்க. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் நண்பனின் போனில் வட்டம் சுத்துது, சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு! தட்டினான், தடவினான், ஜன்னலோரம் தூக்கிப் பிடிச்சுச் சாமி கும்பிட்டான். கடைசியில் யாரோ ஒரு மகராசன் சொன்னான்னு 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துட்டான்.

மூணு வருஷத்துப் போட்டோக்கள், காலமாகிவிட்ட பாட்டி அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போயே போச்சு. நெட் மட்டும் வரலை!

பக்கத்து ரூம் பையனின் ஹாட்ஸ்பாட் புண்ணியத்தில் 11.52-க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பார்த்தால், போனில் கோளாறே இல்லை. ஹாஸ்டல் வைஃபையில் மறுபடி லாகின் செய்யணும், அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை!

நெட் வரும் வழியில் நாலு இடம் இருக்கு: உங்க போன், பக்கத்திலிருக்கும் டவர் அல்லது வைஃபை ரவுட்டர், நெட் கொடுக்கும் கம்பெனி, நீங்க தேடும் வெப்சைட். எங்கே அறுந்திருக்குன்னு தெரியாமல் போனைப் போட்டு உலுக்கினால் என்ன பலன்?

முதல்ல துப்பறியுங்க

ஒரே ஒரு ஆப் மட்டும் மக்கர் பண்ணுதா, எல்லாமேவா? ஒண்ணுதான்னா, தப்பு பெரும்பாலும் அந்த ஆப் பக்கம்தான். 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துடுச்சு. நம்ம ஊரில் ராத்திரி 9 மணிக்கு மேல. எத்தனையோ பேர் தங்கள் போனை ஆஃப் செய்து ஆன் செய்து களைச்சுப் போனாங்க. தப்பு அந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கில்!

எதுவுமே வரலைன்னா, நண்பனின் ஹாட்ஸ்பாட்டில் உங்க போனை இணைச்சுப் பாருங்க. வேலை செய்தால் போன் நல்லா இருக்கு. அடுத்து உங்க சிம்மை அவன் போனில் போடுங்க. அங்கேயும் வரலைன்னா சிம்மோ, கம்பெனியோதான் குற்றவாளி.

மொபைல் டேட்டா மக்கரா?

ஏரோப்ளேன் மோடைப் போட்டு, பத்து வினாடி விட்டு எடுங்க. போன் சில சமயம் சிக்னல் இல்லாத டவரையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிற்கும். இப்படிச் செய்தால் நெட்வொர்க்கில் புதுசாகப் பதிவு செய்யும். சரியாகலைன்னா ஒரு ரீஸ்டார்ட்.

அடுத்து, அன்றைய டேட்டா கோட்டா தீர்ந்துடுச்சான்னு பாருங்க. தீர்ந்த பிறகு பல பிளான்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ்-ஸுக்கு இறங்கிடும். வாட்ஸ்அப் மெசேஜ் தட்டுத் தடுமாறிப் போகும், விண்ணப்பப் பக்கம் திறக்கவே திறக்காது. ரெண்டு சிம் இருந்தால் டேட்டாவுக்கு எந்த சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்கீங்கன்னும் பார்த்துடுங்க. வி.பி.என்., டேட்டா சேவர் ரெண்டையும் அணைச்சுப் பாருங்க.

சிம் மாத்தினதுக்கு அப்புறம் வந்த பிரச்னைன்னா ஏ.பி.என். செட்டிங்கைத் திறங்க. ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்', ஜியோவுக்கு 'ஜியோநெட்' இருக்கணும். குழப்பமா இருந்தால் அங்கேயே 'ரீசெட் டு டிஃபால்ட்' இருக்கு.

இன்னொண்ணு, தேதி! போனின் தேதி, நேரம் தப்பா இருந்தால் வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் அடம்பிடிக்கும். 'தானாக அமைக்க' என்பதை ஆன் செய்தால் தீர்ந்தது.

ஹாஸ்டல் வைஃபையின் லீலைகள்

வைஃபை குறி பக்கத்தில் ஆச்சரியக்குறியா? ரவுட்டர் வரைக்கும் போயாச்சு, அதுக்கு அப்பால் வழியில்லைன்னு அர்த்தம். லாகின் பக்கம் வரலைன்னா, அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்து, மறுபடி இணையுங்க.

போனின் மேக் முகவரியைப் பதிவு செய்து வாங்கும் கல்லூரிகளில் இன்னொரு வில்லங்கம். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 14-லிருந்தும், போன்கள் வைஃபையில் தங்கள் நிஜ முகவரியை மறைச்சு, ஒரு புனைபெயரைத்தான் சொல்லும். கேட்டில் நிற்கும் ரவுட்டர் "யாருப்பா நீ?"ன்னு திருப்பி அனுப்பிடும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் நிஜ மேக் முகவரியைத் தேர்ந்தெடுங்க.

'ஐ.பி. முகவரி பெறுகிறது' என்பதிலேயே நிற்குதா? சாதாரண ரவுட்டர் ஒண்ணு அதிகபட்சம் 250 சொச்சம் முகவரிகளைத்தான் கொடுக்கும். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப்னு ஹாஸ்டல் முழுக்க இணைஞ்சால் நமக்கு இடமிருக்காது. வார்டனிடம் சொல்லுங்க, இது உங்க போனின் நோய் இல்லை.

எந்த ரீசெட்?

எதுவும் பலிக்கலையா? 'நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்' போதும். சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் அழியும். போட்டோ, மெசேஜ் மேல் கை வைக்காது. இ-சிம் வச்சிருக்கிறவங்க மட்டும், 'அதையும் அழிக்கவா?'ன்னு கேட்டால் 'வேண்டாம்' சொல்லுங்க. ஃபேக்டரி ரீசெட் என்பது வீட்டையே காலி செய்றது. பேக்கப் எடுக்காமல் அந்தப் பக்கமே போகாதீங்க.

கடைசியா, 198-க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வச்சுக்குங்க. இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பரை நம்பி ஓ.டி.பி. சொன்னால், நெட்டோடு சேர்ந்து பேங்க் பணமும் போயிடும்.

நம்ம நண்பனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சுது. பாட்டியின் குரல்தான் திரும்பி வரலை. இப்போ அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேக்கப் எடுக்கிறான். விண்ணப்பங்களையும் கடைசி நாளுக்கு முந்தின நாளே அனுப்பிடுறான்.

வட்டம் சுத்தட்டும் பாஸ், கூடச் சேர்ந்து நாமளும் சுத்த வேண்டாம்!